நகரும் புள்ளிக்கு நகரா எண் எழுதேல்: சடையங்குப்பத்து வரைபடங்களில் ஆயத்தொலை இயல்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர். மழைநீர் வடிகாலுக்கு வரைபடம் போட்டு ஏ-ஒன் தாளில் அச்சிட்டால், ஒவ்வொரு மேன்ஹோல் வட்டத்திலிருந்தும் ஓர் அம்புக்கோடு கிளம்பி, சற்றுத் தள்ளி இரண்டு வரி எண்ணில் போய் நிற்கும். மேல்வரி கிழக்கு, கீழ்வரி வடக்கு. அந்த இரண்டு வரிதான் ஆய்வுப்பொருள். சிற்றிலக்கியம் தொண்ணூற்றாறு வகை என்று எண்ணி வைத்தார்கள் முன்னோர். உலா உண்டு, தூது உண்டு, பிள்ளைத்தமிழ் உண்டு. மேன்ஹோல் லேபிளுக்கு மட்டும் இடமில்லை. அந்தக் குறையை நீக்குவதே எம் பணிவான நோக்கம்.

ஆய்வுக் களம் சடையங்குப்பம். கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்கும் இடத்தில், புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் ஒரு பக்கமும் பக்கிங்காம் கால்வாய் இன்னொரு பக்கமுமாகக் கிடக்கும் தாழ்நிலம். மணலி ஆலைகளின் புகைபோக்கி தெரியும். கன்டெய்னர் லாரியின் ஹாரன் கேட்கும். காலுக்குக் கீழே உப்பும் சேறும். 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்த ஊர். 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் தண்ணீர் இறங்கி வந்தபோது மணலி புதுநகரோடு சேர்ந்து மூழ்கிய ஊர். அதே ஆண்டின் கடைசியில் கொசஸ்தலை வடிநிலத்தின் வெள்ளத் தடுப்புக்கென ஆசிய வளர்ச்சி வங்கியோடு 25.1 கோடி டாலருக்குக் கடன் ஒப்பந்தம் ஆயிற்று. அவ்வளவு பணமும் வடிகாலாவதற்கு முன்னால் வரைபடமாக வேண்டும்; வரைபடம் கையெழுத்தாவதற்கு முன்னால் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு வரி எண் ஏற வேண்டும். ஆகவே பொருள் சிறிதென்று தள்ளற்க.

புள்ளி இயல்

இத்துறைக்கு மூலநூல் ஒன்று இருந்திருந்தால் அதன் முதல் நூற்பா இதுவாகவே இருந்திருக்கும் என்பது எம் துணிபு:

நகரும் புள்ளிக்கு நகரா எண் எழுதேல்.

என்பது என் நுதலிற்றோ எனின், கையால் தட்டிய லேபிளின் இழிவு உணர்த்துதல் நுதலிற்று. பழைய வழக்கம் இது: டிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோகேட்டில் ஐடி என்று அடித்து மேன்ஹோலின் நடுவைத் தொடுவார். கீழே எண் வரும். அதைப் பார்த்து எம்டெக்ஸ்டில் தட்டுவார். பொழுது சாய்வதற்குள் நூறு லேபிள் முடிந்துவிடும். மறுநாள் காலையில் இன்ஜினியர் வந்து, “இங்க ஈபி கேபிள் போகுதுப்பா, லைனை அரை மீட்டர் தள்ளு” என்பார். தள்ளுவார்கள். வட்டம் நகரும், அம்பு நகரும், எண் மட்டும் நேற்று இருந்த இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். வீடு மாறி மூன்று வருஷமாகியும் ரேஷன் கார்டில் பழைய விலாசத்தை வைத்திருப்பவரைப் போல அதுவும் யாராவது விசாரிக்க வரும்வரை நிம்மதியாக இருக்கும்.

இந்த இழிவுக்கு மருந்தாக வந்தது ஃபீல்டு. ஆட்டோகேட் 2005 பதிப்பில் அவதரித்தது. எண்ணை எழுதாதே, எண் எங்கே இருக்கிறது என்று எழுது என்பதே அதன் தத்துவம். லேபிளுக்குள் இன்ன வட்டத்தின் மையம் என்று சுட்டி வைத்துவிட்டால், வட்டம் போகிற இடமெல்லாம் எண் பின்னால் போகும். திரையில் அதன் பின்னால் சாம்பல் நிறம் விரிந்து, இது உயிருள்ள எண் என்று காட்டும். அச்சில் அந்தச் சாம்பல் வராது. எனவே தாளை மட்டும் பார்க்கும் மேலதிகாரிக்கு உயிருள்ள எண்ணுக்கும் செத்த எண்ணுக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை. இக்கலை அழியாமல் இரகசியமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஃபீல்டு பெட்டியின் அடியில், பெரும்பாலோர் கண் போகாத இடத்தில், அதன் மூலபாடம் தெரியும். நீண்ட பாடம்; அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. அதன் ஈற்றடியைத் தமிழ்ப்படுத்தித் தருகிறோம்:

%எல்யூ2%பிடி1%பிஆர்3

பதவுரை: எல்யூ2 என்பது தசம முறை. அடி-அங்குலம் வேண்டுவோர் வேறு எண் இடுக. பிஆர்3 என்பது புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம். பிடி1 என்பது கிழக்கு மட்டும். வடக்குக்கு பிடி2. அப்படியானால் உயரத்துக்கு பிடி3 தானே என்று மாணாக்கன் கேட்பான். அன்று, பிடி4 என்க. மூன்று எங்கே போயிற்றோ எனின், ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. கிழக்கும் வடக்கும் சேர்த்துக் கேட்டால் அது. மூன்றையும் ஒருசேரக் கேட்டால் ஏழு. மந்திரம் போல் இருந்தாலும் உள்ளே இருப்பது கூட்டல் கணக்கு. இந்த நுட்பம் தெரியாமல் உயரத்துக்கு மூன்று போட்டவர்கள், மேன்ஹோலின் மட்டம் நாலு லட்சத்துச் சொச்சம் மீட்டர் என்று அச்சாகி வந்ததைக் கண்டு அரண்டிருக்கிறார்கள்.

சிடி8 என்று ஓர் உறுப்பு உண்டு. அதன் பின் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இட்டால் அந்த எண்ணால் பெருக்கும். கட்டடக்காரர்கள் மில்லிமீட்டரில் வரைவார்கள். சர்வேயர்கள் மீட்டரில் பேசுவார்கள். இவ்விரு சாதியாரும் ஒரே தாளில் சந்திக்கும்போது 0.001 என்று இட்டால் சமரசம் ஆகிவிடும். பிஎஸ் என்ற உறுப்பில் முன்னொட்டும் பின்னொட்டும் வரும். முன்னே ‘கி’ என்றும் பின்னே ‘மீ’ என்றும் தமிழில் இட்டாலும் அது மறுக்காது. எழுத்துரு சரியாக இருந்தால் போதும். ஆனால் சென்னையில் யாரும் அப்படி இடுவதில்லை.

கலை பேதம்

எதை முதலில் எழுதுவது என்பதில் இத்துறையார் இரு கலையாகப் பிரிந்திருக்கிறார்கள். வடக்கை முதலில் எழுதுவோர் வடகலையார். கிழக்கை முதலில் எழுதுவோர் கீழ்கலையார். சர்வேயர்களில் பலர் வடகலை. அட்சரேகை முன்னே, தீர்க்கரேகை பின்னே என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஆசாரம். டிராஃப்ட்ஸ்மேன்கள் கீழ்கலை. எக்ஸ் முன்னே, ஒய் பின்னே என்று கணக்கு வாத்தியாரிடமிருந்து வந்த ஆசாரம். நாமம் எப்படிப் போடுவது என்று கோர்ட்டு வரை போன ஊரில் இது பெரிய சண்டையாகாமல் இருப்பதே வியப்பு.

சண்டைதான் இல்லை, சேதம் உண்டு. சடையங்குப்பம் இருப்பது உலகக் குறுக்கு மெர்க்கேட்டர் (யூடிஎம்) கட்டத்தின் நாற்பத்துநாலாம் மண்டலத்தில். 78 பாகையிலிருந்து 84 பாகை வரை அந்த மண்டலம்; நடுக்கோடு 81. நடுக்கோட்டுக்கு ஐந்து லட்சம் மீட்டர் என்று பெயர் வைத்து, அதற்கு மேற்கே குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் இந்த ஊரின் கிழக்கெண் நாலு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல், ஆறு இலக்கம். வடக்கெண் பூமத்திய ரேகையிலிருந்து எண்ணுவது. பதினாலு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேல், ஏழு இலக்கம். ஆறு இலக்கத்தையும் ஏழு இலக்கத்தையும் பார்த்தவுடனே எது எது என்று தெரிந்துவிடும். ஆனால் கருவிக்கு அந்த விவேகம் கிடையாது. வடகலைக் கோப்பைக் கீழ்கலைக் கருவியில் ஏற்றினால், மேன்ஹோல் இலங்கைக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் போய் உட்காரும். அங்கே மழைநீர் வடிகால் அவசியமா என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்தது காற்புள்ளி. எளிய பொருள் என்று நினைக்கலாம். டிஎச்44 என்று ஓர் உறுப்பு. 44 என்பது காற்புள்ளியின் கணினி எண். இதை இட்டால் எண்ணை இடையிடையே பிரித்து அழகாகக் காட்டும். ஆனால் மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும். லட்சம், கோடி என்ற பேச்சே அதற்குக் கிடையாது. எடுத்துக்காட்டாக ஒரு வடக்கெண் 1,457,930.220 என்று வரும். நம்மவர் கண்ணுக்கு 14,57,930.220 என்று இருந்தால்தான் அது பதினாலு லட்சம். காற்புள்ளி இடம் மாறினால் படிக்கிற வாய் ஒரு கணம் தடுக்கும். ஃபோனில் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும்போது அந்தத் தடுக்கலில் ஓர் இலக்கம் கீழே விழும்.

இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. கிழக்கையும் வடக்கையும் ஒரே வரியில் கேட்டால் நடுவில் பிரிப்பானாகவும் காற்புள்ளியே வரும். அப்போது லேபிள் இப்படி ஆகும்: 422,610.485,1,457,930.220. நான்கு காற்புள்ளி. இவற்றுள் மூன்று அலங்காரம், ஒன்று அர்த்தம். எது எது என்று கண்டுபிடிப்பது பழம்புலவர்க்குரிய சீர்பிரிப்புத் திறன். அந்த வரியை அப்படியே நகலெடுத்து சிஎஸ்வி கோப்பில் ஒட்டி டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் ஏற்றினால் அது ஐந்து பத்தியாக வெடிக்கும். ஆகவே ஆயத்தொலை எண்ணில் காற்புள்ளி ஆகாது என்பதே எம் தீர்ப்பு. பணத்துக்குப் போடுங்கள், பூமிக்கு வேண்டாம்.

சுழி இயல்

இனி இவ்வாய்வின் மையத்துக்கு வருகிறோம். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம்?

ஃபீல்டு பெட்டியில் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை கேட்டுக்கொள்ளலாம். எல்லாம் ஒரே விலை, அதாவது இலவசம். அலுவலகங்களில் நிலவும் மரபு மூன்று. மூன்று என்றால் மில்லிமீட்டர். ஏன் மூன்று என்று கேட்டால் போன பிராஜெக்டிலும் மூன்றுதான் என்ற விடை வரும். அந்தப் போன பிராஜெக்டுக்கும் ஒரு போன பிராஜெக்ட் இருந்திருக்கும். இப்படியே பின்னோக்கிப் போனால் எங்கே முடியும்?

தஞ்சையில் முடியும். பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவை, வேலியில் 5,242.88 கோடியில் ஒரு பங்கு என்ற நுண்மை வரை இறங்குவதைக் கல்வெட்டாய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலி ஆறரை ஏக்கர் என்று கொண்டால், அந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதி வரும். ஒரு நெல்மணியை வைத்தால் பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போடுவார். சோழ நாட்டு அளவுகோலுக்கு அந்த நுண்மை உண்டா? இல்லை. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. கீழ்முந்திரி அதிலும் முந்நூற்றிருபதில் ஒன்று. அதற்கும் கீழே கீழ் என்று போய்க்கொண்டே இருக்கும் பின்ன வாய்பாடு நம்முடையது. கழித்ததையும் வகுத்ததையும் மீதி வைக்காமல் எழுதிய கணக்கனின் நேர்மைதான் அந்த இலக்கங்கள். கோல் அளந்தவை அல்ல. ஓலையில் கணக்குப் போட்டவை.

இதற்கு நேர் எதிர் நில அளவையாளர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலி. நானூறு தடவை எடுத்து வைத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். சென்னைக் கோடையில் எஃகு நீளும் என்பதற்காகச் சங்கிலிக்கு நிழல் கட்டி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்துக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினார். அடியின் தசம இலக்கங்களை எழுதும் உரிமை அந்த மனிதருக்கு இருந்தது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் வியர்வை சிந்தியிருக்கிறார்.

சடையங்குப்பத்து லேபிள் எந்த வகை? நல்ல டிஜிபிஎஸ் கருவி, தலைக்கு மேல் திறந்த வானம், பக்கத்திலேயே பேஸ் ஸ்டேஷன், எல்லாம் கூடி வந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். அப்படியானால் இரண்டாம் இலக்கமே தயங்கித் தயங்கி நிற்பது. மூன்றாம் இலக்கம் மென்பொருள் கொடுத்த சீதனம். அதற்கு மேல், கருவிக் கம்பைப் பிடித்து நிற்கும் பையனின் கால் சேற்றில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கம்பின் முனையும் இறங்குகிறது. குழி தோண்ட வரும் ஜேசிபி வாளியின் அகலம் இரண்டடி, மூன்றடி. மில்லிமீட்டருக்கு அங்கே என்ன வேலை?

வேலை உண்டு. அது மரியாதைக்குரியது. ஓர் இலக்கம் போட்டு அனுப்பினால் “இது என்ன ரஃப் டிராயிங்கா?” என்று திரும்பி வரும். மூன்று போட்டால் கையெழுத்தாகும். இன்னும் நுட்பம் கேளுங்கள். ஈற்றுச் சுழியை மறைக்க ஜெட்எஸ்8 என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதை இட்டால் 422610.500 என்பது 422610.5 என்று சுருங்கும். மதிப்பில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் மேலே உள்ள லேபிளுக்கு மூன்று இலக்கம், கீழே உள்ளதற்கு ஒன்று என்று பத்தி கோணலாகும். சரிபார்ப்பவர் சிவப்புப் பேனாவை எடுப்பார். எதுவும் சொல்லாத இரண்டு பூஜ்யங்களை வரைபடத்தின் கௌரவத்துக்காகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பது இவ்வியலின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

இங்கே ஓர் இடைப்பிறவரல். எண்ணூர்ப் பகுதிக்கு 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடம் ஒன்று உண்டு. அதில் தெளிவாக இருந்த கழிவெளி, பின்னால் அரசு கொடுத்த வரைபடத்தில் காணோம் என்று 2017-இல் மீனவர்களும் சூழலியலாளர்களும் குற்றம்சாட்டினார்கள். மூன்றாம் இலக்கத்துக்குச் சிவப்புப் பேனா எடுக்கிறவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் தண்ணீரைத் தேடும்போது எந்தப் பேனாவை எடுப்பார்கள் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

சூத்திர இயல்

இதுவரை சொன்னது தனி ஃபீல்டு. சூத்திர ஃபீல்டு என்பது அதற்கு அண்ணன். புள்ளியின் எண்ணை அப்படியே காட்டாமல், கூட்டியோ கழித்தோ பெருக்கியோ காட்டுவது. தேவை எப்படி வருகிறது என்றால், பதினாலு லட்சம் மீட்டர் தள்ளி வரைந்தால் திரை சண்டித்தனம் செய்யும். ஹேட்ச் உடையும், வளைவு நடுங்கும். அதனால் டிராஃப்ட்ஸ்மேன் எல்லாவற்றையும் மூலைக்கு இழுத்து வந்து, கிழக்கில் நாலு லட்சத்தையும் வடக்கில் பதினாலு லட்சத்தையும் கழித்துவிட்டுச் சின்ன எண்களில் நிம்மதியாக வரைவார். லேபிளில் மட்டும் சூத்திரம் போட்டுக் கழித்ததைத் திரும்பக் கூட்டுவார். வேலை ஓரிடத்தில், விலாசம் ஓரிடத்தில்.

இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர்கள் மென்பொருள்காரர்கள் என்று எண்ணற்க. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய வானாய்வுக்கூடம் இருந்தது. அதன் கருங்கல் தூண் தமிழிலும் தெலுங்கிலும் கூடப் பொறித்த எழுத்தோடு இன்றும் நிற்கிறது. அந்த இடத்தின் தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தியா முழுமைக்கும் தீர்க்கரேகைகள் எழுதினார்கள். பின்னால் தந்தி வந்தது. தந்தி வழியே நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது மதராஸ் எண் 2 நிமிடம் 27 வினாடி கூடுதல் என்று தெரிந்தது. காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை வரைந்து அச்சுக்குப் போன வரைபடங்களை என்ன செய்வது? ஒன்றும் செய்யவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு குறிப்பு அச்சிட்டார்கள்: இதிலுள்ள தீர்க்கரேகைகளில் 2 நிமிடம் 27 வினாடி கழித்துக்கொள்க. எழுதியதை மாற்றாமல் படிக்கும்போது திருத்திக்கொள்ளச் சொன்ன அந்த ஒற்றை வரிதான் இந்நாட்டின் முதல் சூத்திர ஃபீல்டு என்று யாம் துணிந்து உரைப்போம். ஒரே வேறுபாடு, ரீஜென் செய்து எண்ணைப் புதுப்பிக்க வேண்டியது கணினி அன்று, படிக்கிறவர்.

படிக்கிறவர் ஓரத்தைப் பார்க்க மறந்தால்? நம் அட்சத்தில் 2 நிமிடம் 27 வினாடி என்பது நாலரை கிலோமீட்டரை நெருங்கும். அந்த எண்ணை அப்படியே இன்றைய திரையில் குத்தினால் சடையங்குப்பம் எர்ணாவூரைத் தாண்டிக் கிழக்கே போய்க் கடலுக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எவரெஸ்ட் நீள்கோளத்திலிருந்து டபிள்யூஜிஎஸ்84-க்கு மாறியது, 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசை வைத்தது என்று கதை நீளும். அந்த மாற்றத்திலும் நூறு மீட்டருக்கு மேல் ஊர் நகர்ந்தது. தரை அசையவில்லை, எண் மட்டும் தீர்த்த யாத்திரை போய்க்கொண்டே இருந்தது. எனவே லேபிளில் மூன்றாம் இலக்கத்துக்கு இடம் ஒதுக்கும் முன், எந்தக் கோளம், எந்த மண்டலம், எவ்வளவு கழித்திருக்கிறது என்று தாளின் ஓரத்தில் ஒரு வரிக்கு இடம் ஒதுக்குவது நலம். அந்த வரி இல்லாத மில்லிமீட்டரைவிட அந்த வரியுள்ள மீட்டர் மேல்.

சூத்திரத்துக்குச் சில ஊனங்களும் உண்டு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு, இவ்வளவுதான் தெரியும். சைன், கொசைன் தெரியாது. மணலி, எண்ணூர் வட்டாரத்தில் இது தொல்லை. ஆலைகளுக்கு ‘பிளான்ட் நார்த்’ என்று சொந்த வடக்கு ஒன்று இருக்கும். சாலையையோ ரயில் பாதையையோ ஒட்டிக் கட்டடங்களை நேராக வைத்துவிட்டு, அதுதான் வடக்கு என்று அறிவித்திருப்பார்கள். ஆலையின் வடக்கிலிருந்து உலகத்தின் வடக்குக்கு மாற்ற கொசைன் வேண்டும். கைதேர்ந்த டிராஃப்ட்ஸ்மேன் இதற்கும் வழி வைத்திருக்கிறார். திருப்பம் எல்லாப் புள்ளிக்கும் ஒன்றுதானே? கால்குலேட்டரில் கொசைனையும் சைனையும் எட்டு இலக்கத்துக்கு எடுத்து, வெறும் எண்ணாகவே சூத்திரத்தில் பெருக்கி விடுவார். சூத்திரத்துக்குத் தான் செய்வது முக்கோணவியல் என்றே தெரியாது. எட்டு இலக்கம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். லேபிளிலோ அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

லிஸ்ப் நிரல் எழுதும் மதத்தார் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். நாலு வரி லிஸ்ப் எழுதினால் ஆயிரம் லேபிள் ஒரு நொடியில் விழும் என்பார்கள். விழும், செத்து விழும். புள்ளி நகர்ந்தால் திரும்ப ஓட்ட வேண்டும். ஓட்ட மறப்பது மனித இயல்பு.

புறனடை

மேற்கூறியவற்றுக்கு விலக்காவன வருமாறு. லேபிளை மட்டும் நகலெடுத்து அடுத்த மேன்ஹோலுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பழைய மேன்ஹோலையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே தாளில் இரண்டு குழிக்கு ஒரே விலாசம் வருவது இதனால்தான். பிளாக் ஒன்றுக்குள் அட்ரிபியூட்டாக வைத்து, தன் நுழைபுள்ளியைத் தானே பார்க்கும்படி எழுதினால் இந்த நோய் வராது. நகலெடுத்த ஒவ்வொன்றும் தன்னையே படிக்கும். வட்டத்தை அழித்துவிட்டு லேபிளை விட்டுவைத்தால் நாலு ஹேஷ் தோன்றும். அந்த நாலு ஹேஷோடு டெண்டர் போன கதையும் இவ்வட்டாரத்தில் உண்டு. ஒரு கான்டிராக்டர் அதற்கும் ரேட் எழுதிக் கொடுத்தார் என்பது வாய்மொழி வழக்காறு, எனவே சான்றாகக் கொள்ளோம். வெளியே அனுப்பும்முன் எல்லா ஃபீல்டையும் வெறும் எழுத்தாக மாற்றிவிடு என்று சில இடங்களில் விதி உண்டு. அனுப்பிய நாளில் எது இருந்ததோ அதற்குத்தான் கையெழுத்து என்பதால் அதுவும் நியாயமே. நகரா எண்ணை எழுதக் கூடாது, உறைய வைக்கலாம்.

கடைசியாகக் களச் சான்று. மழை ஓய்ந்த ஒரு காலை, தெருவோரம் குழிக்கு மார்க் போட வேண்டும். சைட் இன்ஜினியர் வரைபடத்தை பானட் மேல் விரித்து, கிழக்கு, வடக்கு, மூன்று மூன்று இலக்கம், குரலெடுத்து வாசிக்கிறார். கருவி இன்னும் வரவில்லை. வேறொரு சைட்டில் இருக்கிறது. மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், இந்த நம்பரெல்லாம் நீயே வெச்சிக்க. அந்தச் செவுத்துலேர்ந்து எத்தினி அடி, அத்தச் சொல்லு” என்றார்.

இன்ஜினியர் டேப்பைப் பிடித்துப் பார்த்து, “நாலடிண்ணே” என்றார். ஆபீஸுக்கு ஃபோன் போயிற்று. லேபிளில் மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள்: சுவரிலிருந்து 4 அடி. டிராஃப்ட்ஸ்மேன் கொள்கைப் பிடிப்புள்ளவர். கையால் தட்ட மனம் வரவில்லை. இதற்கும் சூத்திரம் எழுதிவிடலாம் என்று ஃபீல்டு பெட்டியைத் திறந்து, சுட்டுவதற்குச் சுவரைத் தேடினார். சர்வே எடுத்த பிறகு வீட்டுக்காரர் எழுப்பிய சுவர் அது. எந்த லேயரிலும் இல்லை. மேஸ்திரி அதற்குள் சுண்ணாம்பு போட்டு, ஜேசிபிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.